குறையாத தண்ணீர்

வேலை விட்டு வந்ததும் அவள் முதலில் பார்ப்பது கணவன் முகத்தை அல்ல, தொட்டியைத்தான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, அவனுக்கும் தெரியும். செருப்பைக் கழற்றிய கையோடு ஹால் மூலைக்குப் போய்க் குனிந்து எண்ணுவாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. பின்பாதி மட்டும் சிவந்த நெருப்பு மீன் ஒன்று. பச்சையும் நீலமுமாக வளைவு வளைவாக வரைந்த மாண்டரின் ஒன்று. இறால் ஒன்று. நத்தை ஏழு. கணக்கு சரியாக இருந்தால்தான் கைப்பை தோளைவிட்டு இறங்கும். "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

எண்ணுவதும் அளப்பதும்தான் அவளுக்குப் பிழைப்பு. பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் பதினான்கு வருடமாக வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அவர்கள் வாய்க்குப் பொருந்தும் பல்லைச் செதுக்கித் தருவாள். ஒரு தலைமுடி கனம் கூடினாலும் கடிக்கும்போது உறுத்தும். ஆள் திரும்பி வந்துவிடுவார். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் "பூதக்கண்ணாடி". கேலிக்கு வைத்ததை அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டதில் வைத்தவர்களுக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது.

தொட்டி எண்பது லிட்டர். கடல் மீனுக்கு அது போதாது என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். போதாதுதான். சின்னத் தொட்டியில் சின்னத் தப்புக்கூடப் பெரிய தப்பாகிவிடும். அதனால் ஒரு மீனைச் சேர்ப்பதற்கு முன் சம்பந்தம் பேசுகிற மாதிரி ஆற அமர விசாரிப்பாள்: எதைத் தின்னும், யாரோடு ஒத்துப்போகும், எவ்வளவு இடம் கேட்கும். ஆரம்பத்தில் ஏமாந்துபோய் ஒரு நீல மீனை வாங்கியிருந்தாள். கட்டைவிரல் நீளம்தான். வந்த மறுநாளே பாறை முழுவதும் தன் பெயரில் பட்டா போட்ட மாதிரி மற்றவற்றின் வாலைக் கடித்துக் குதறியது. அந்த ரௌடியைப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாறைகளைக் கலைத்து, கடைசியில் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மாண்டரின் அதற்கு நேர் எதிர். யார் வம்புக்கும் போகாது. ஆனால் உயிருள்ள பொடி இரையைத் தவிர எதையும் தொடாது. அழகுக்கு ஆசைப்பட்டு வாங்கிப் பட்டினி போட்டே சாகடித்தவர்கள்தான் அதிகம். இவள் ஜன்னலோரத்தில் நான்கு கண்ணாடிப் புட்டிகளில், தூசி துள்ளுகிற மாதிரி இருக்கும் பொடி உயிர்களை வளர்த்தாள். தினமும் காலையில் ஒரு குழலால் உறிஞ்சி அதன் முகத்துக்கு எதிரே விடுவாள். இப்படி இரண்டு வருடம். அந்த மீன் உயிரோடு இருப்பதுதான் தன் திறமைக்குச் சாட்சி என்று அவள் நினைத்தாள். அதில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

கணவன் ஒரு சினிமா தியேட்டரில் மேனேஜராக இருந்தவன். ஐந்து மாதத்துக்கு முன் தியேட்டரை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து சமையல், துணி, கடைகண்ணி எல்லாம் அவன் பொறுப்பு. முணுமுணுக்காமல் செய்தான். அவனுடைய அண்ணன் நான்கு மணி நேரத் தூரத்தில் வேறொரு ஊரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். "நம்பிக்கையா ஒரு ஆள் வேணும்டா, நீயே வந்துடு, மாடி போர்ஷன் காலியாத்தான் கிடக்கு" என்று மாதம் இரண்டு முறையாவது போன் செய்வார்.

"போய்த்தான் பார்க்கலாமா?" என்று ஒருநாள் அவன் கேட்டான். "பல் செட் எல்லா ஊர்லயும்தானே கட்டுறாங்க."

"மீனை என்ன செய்யறது? நாலு மணி நேரம் வண்டியில குலுங்கினா மாண்டரின் தாங்காதுங்க."

"தாங்காதா?"

"தாங்காது."

அவன் தொட்டியைப் பார்த்தான். தேவைக்குக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தான். "அப்போ அது இருக்கிற வரைக்கும் நாம இங்கதான்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால், மீன் ஒரு சாக்கு. அண்ணியின் கண்ணுக்குக் கீழே, அடுப்பு எப்போது எரிகிறது எப்போது அணைகிறது என்று இன்னொருத்தி கவனிக்கிற வீட்டில் குடித்தனம் செய்ய அவளுக்கு இஷ்டமில்லை. அதைச் சொன்னால் சண்டை வரும். மீனைச் சொன்னால் வராது. ஆகவே மீனைச் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து, இந்த ஊரில் தங்களை நிறுத்தி வைத்திருப்பது ஒரு விரல் நீள மீன்தான் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பதுதான் அவளை உறுத்தியது.

இறாலுக்கு அவர்கள் வைத்த பெயர் டாக்டர். முதுகில் நெடுக வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு இறால். மற்ற மீன்கள் அதன் எதிரே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். உடம்பில் ஒட்டியிருக்கும் பூச்சி பொட்டை இது பொறுக்கித் தின்னும். அவள் தண்ணீருக்குள் கைவிட்டால் ஓடி வந்து நகக்கண்களைச் சோதனை போட்டுவிட்டுத்தான் போகும். கோமாளி மீனோடு நடந்த ஏதோ தகராறில் அதன் மீசை ஒன்று பாதியில் ஒடிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை அவள் எண்ணியபோது கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டருக்கு இரண்டு மீசையும் முழு நீளத்துக்கு நீண்டிருந்தன.

அது ஒன்றும் அதிசயமில்லை. இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓட்டோடு வரும். ஒடிந்ததும் கூடவே முளைக்கும். அப்படியானால் கழற்றிய ஓடு எங்காவது கிடக்க வேண்டுமே? பாறை இடுக்கு, மணல், வடிகட்டியின் வாய் எல்லா இடத்திலும் தேடினாள். இல்லை.

"தொட்டியிலேர்ந்து எதையாவது எடுத்தீங்களா?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"நானா? இல்லையே. நான் எதுக்கு எடுக்கப் போறேன்? இன்னிக்கு அந்தப் பக்கமே போகலை."

ஒரு "இல்லை" போதுமான இடத்தில் நான்கு பதில் வந்தது. அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

கையைக் கழுவுகிற சாக்கில் போய்க் குப்பைக்கூடையைக் கிளறினாள். காய்கறித் தோலுக்கு அடியில், சுருட்டி ஒளித்த மாதிரி, ஒரு பிளாஸ்டிக் பை. வாயில் ரப்பர் பேண்டு. உள்ளே ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. கொடியில் தொங்கிய அவன் சட்டையின் கைமடிப்பிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

ஆக, எதையோ பையில் கொண்டுவந்து தொட்டிக்குள் விட்டிருக்கிறான். புதிதாக மீன் ஏதும் இல்லை. எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் அந்தப் பையில் வந்தது என்ன? தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஓடி வர வேண்டிய டாக்டர் பின்வாங்கிப் பாறைக்குள் நுழைந்துகொண்டது. இரண்டு வருடம் பழகிய கையைக் கண்டு பயப்படுகிறது என்றால் தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினாள்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவான் என்று தோன்றியது. பன்னிரண்டு வருடம் கூடவே வாழ்ந்தவனைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை மனதில் வருவது லேசான விஷயமில்லை. அவளுக்கு லேசாகத்தான் வந்தது.

மறுநாள் காலை அவன் கடைக்குப் போன நேரத்தில் அவள் பொறி வைத்தாள். பொறி எப்படி என்பதைப் புரிந்துகொள்ளத் தொட்டியின் சங்கதி ஒன்று தெரிய வேண்டும். வெயில் காலத்தில் மின்விசிறிக் காற்றில் அந்தத் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததை உப்பில்லாத சுத்தத் தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். அந்த வேலையைத் தொட்டிக்குக் கீழே வாளியில் கிடக்கும் ஒரு சின்ன மோட்டார் தானாகவே செய்துகொண்டிருந்தது. அவள் தொட்டிக்குப் பின்னால் மறைந்திருந்த அதன் பிளக்கைப் பிடுங்கினாள். சுவரோரக் கண்ணாடியில், அவன் கண்ணில் படாத இடத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

அன்று முழுக்க அவள் வீட்டில் இருந்தாள். மாலைக்குள் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. கணக்கு சரி. சுத்தத் தண்ணீர் ஊற்றிப் பழையபடி கோட்டுக்குக் கொண்டுவந்தாள். இனி தினமும் மாலையில் வந்து பார்த்தால் போதும். விரற்கடை இறங்கியிருந்தால் அவன்மேல் குற்றமில்லை. அதைவிடக் குறைவாக இறங்கியிருந்தால் யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள். வீட்டில் இருக்கிற "யாரோ" ஒரே ஆள்தான்.

திங்கட்கிழமை மாலை வந்து பார்த்தாள். தண்ணீர் கோட்டில் நின்றது. ஒரு நூல்கூடக் குறையவில்லை.

பிளக்கைப் பார்த்தாள், பிடுங்கியபடியேதான் கிடந்தது. பயத்தோடு ஒரு திருப்தியும் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தேகப்பட்டது சரி என்று தெரியும்போது வருகிற திருப்தி. அதைப் போல அசிங்கமான சந்தோஷம் வேறு கிடையாது.

"இன்னிக்கு என்ன செஞ்சீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"என்ன செய்வேன்? துணி துவைச்சேன், மடிச்சேன். தூங்கினேன். ஏன்?"

"சும்மாதான்."

செவ்வாயும் கோட்டிலேயே நின்றது. புதனும் அப்படியே. சோதனைப் பெட்டியை எடுத்து, தண்ணீரைக் குப்பிகளில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தாள். அழுகல் இல்லை. செம்பு இல்லை. வேறு எந்த நஞ்சும் தென்படவில்லை. உப்பை அளக்கும் குழல் அதே பெட்டியில்தான் கிடந்தது. அதை ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்கிற வழக்கம், அதனால் எடுக்கவில்லை. அவள் தேடியது விஷத்தை. உப்பு தினமும் கண்ணெதிரே இருக்கிற பொருள், அதன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

மீன்கள் தளர்ந்துகொண்டே வந்தன. கோமாளிகள் ஒரு மூலையில் ஒடுங்கின. வியாழக்கிழமை மாலை வாசலிலேயே கணவன் நின்றிருந்தான், முகம் வெளுத்திருந்தது.

"நெருப்பு மீன் போயிடுச்சு" என்றான். "மத்தியானம் பார்த்தேன். மணல்ல கிடந்தது. போன் பண்ணலாம்னு நினைச்சேன், நீ வேலையில இருப்பேன்னு..."

"ம்."

"மத்ததும் சரியில்லாத மாதிரி இருக்கு. கடைக்காரரைக் கேக்கலாமா?"

"வேணாம். நான் பார்த்துக்கறேன்."

எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. போய்க் கோட்டைப் பார்த்தாள். தண்ணீர் கோட்டில் நின்றது. அந்த இடத்திலேயே பிளக்கைச் செருகி, கேட்க வேண்டியதைக் கேட்டு, விஷயத்தை முடித்திருக்கலாம். மாண்டரின் மணலில் உட்கார்ந்து வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் யோசித்தாள். இப்போது கேட்டால் மழுப்பிவிடுவான்; இன்னும் இரண்டே நாள் பொறுத்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். சனிக்கிழமைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குச் சத்தமில்லாமல் சாவியைத் திருகிக் கதவைத் திறந்தாள். அவன் சின்ன முக்காலிமேல் ஏறி நின்று, எவர்சில்வர் ஜக்கைச் சாய்த்துத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். சிந்தக் கூடாதே என்ற கவனத்தில் நாக்கு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஊத்துறீங்க?"

ஜக் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவன் முக்காலியிலேயே நின்றான்.

அவள் குனிந்து தரையில் ஓடிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. வெறும் உப்புத் தண்ணீர். வாரம் ஒருமுறை மாற்றுவதற்காக அவள் கலந்து வைக்கிற நீல டிரம்மின் மூடி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் காலி.

"எத்தனை நாளா?"

"திங்கக்கிழமையிலேர்ந்து."

சோதனைப் பெட்டியைத் திறந்து, உப்புக் குழலில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தைந்தில் நிற்க வேண்டிய கோடு நாற்பத்து மூன்றில் நின்றது. அவ்வளவுதான். விஷமும் இல்லை, மாயமும் இல்லை. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, அவன் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, மீன்களை ஊறுகாய் போட்டிருக்கிறான்.

இத்தனைக்கும் பிறகும் அவள் வாயில் வந்தது, ஒரு வாரமாக அரைத்து வைத்திருந்ததுதான்.

"மாண்டரின் செத்துட்டா அண்ணன் ஊருக்குக் கிளம்பிடலாம்னு தானே?"

அவன் முக்காலியிலிருந்து இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்தான். "அப்படியா நினைச்சே?" என்றான். கோபமே இல்லாமல் கேட்டான். "போகணும்னு எனக்கு ஆசை இருக்கு. இல்லேன்னு சொல்லலை. அதுக்கு உன்கிட்ட சண்டை போடுவேன். மீனை எதுக்குக் கொல்றேன்?"

"பின்னே ஏன் மறைச்சு மறைச்சு ஊத்தினீங்க?"

"திங்கக்கிழமை பார்த்தா தண்ணி இறங்கியிருந்தது. அந்த மோட்டாருக்கு ஏதோ ஆயிடுச்சு போல. நான் தொடவே இல்லை, சத்தியமா. ஆனா நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவே. நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு ஊத்தினேன்."

"உப்புத் தண்ணியையா ஊத்துவாங்க? கீழ வாளியில நல்ல தண்ணி இருக்கே."

"வாளியில 'தொடக்கூடாது'ன்னு எழுதி ஒட்டியிருக்கே. டிரம்ல 'கடல் தண்ணீர்'னு எழுதியிருக்கே. கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே ஊத்துவாங்க? நல்ல தண்ணி ஒரு சொட்டு விழுந்தாலும் செத்துடும்னு நீதான சொன்னே."

சொன்னாள்தான். குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சீட்டை ஒட்டியதும் அவள்தான். அவன் அந்த வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து வீடு துடைத்துவிட்ட பிறகு.

"அன்னிக்குப் பையில என்ன கொண்டுவந்தீங்க?" என்றாள். குரலில் இருந்த வேகம் பாதியாகிவிட்டது.

"டாக்டர் செத்துடுச்சு. போன சனிக்கிழமை. காலையில பார்த்தா மணல்ல மல்லாந்து கிடக்கு. நான் முதல் நாள் தொட்டி கிட்ட கொசு மருந்து அடிச்சேன். அதனாலதான்னு நினைச்சேன். எடுத்துக் காகிதத்துல சுத்தித் தெருமுனைக் குப்பையில போட்டுட்டு, பஸ் பிடிச்சுப் போய் அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டு வந்து விட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அந்த வாளியில வீடு துடைச்சதுக்குப் பதினொரு நாள் நீ என்கூடப் பேசலை" என்றான். "தியேட்டரை மூடின மாசம் அது. பதினொரு நாள். நான் எண்ணினேன்."

அவள் தொட்டிப் பக்கம் திரும்பினாள். மாண்டரினைத் தனியே எடுத்து வைக்கலாம் என்று தொட்டிக்குள் கைவிட்டாள். பாறையின் அடியிலிருந்து ஓர் இறால் புறப்பட்டு வந்து, தளர்ந்த நடையில் அவள் விரலில் ஏறி, நகக்கண்ணைச் சோதிக்க ஆரம்பித்தது. ஒரு மீசை கொஞ்சம் குட்டை. இன்னோர் இறால் பாறை உச்சியில் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது.

"ரெண்டா?" என்றான் அவன்.

"டாக்டர் சாகலை. ஓட்டைக் கழட்டிப் போட்டிருக்கு. கண்ணு, காலு, மீசை எல்லாம் அப்படியே இருக்கும், பார்க்கச் செத்த இறால் மாதிரியே. புது ஓடு கெட்டியாகிற வரைக்கும் நாலஞ்சு நாள் ஒளிஞ்சிருக்கும்."

"அப்போ நான் குப்பையில போட்டது..."

"பழைய சட்டை."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சட்டைக்குப் போய் பஸ் பிடித்தேனா என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே அவளுக்குக் கண் கலங்கியது. ஐந்து மாதத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அது ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது.

உப்பை ஒரே மூச்சில் குறைத்தால் இருப்பவையும் செத்துவிடும். கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுப்பது, அரை மணிக்கு ஒருமுறை அரை லிட்டர் சுத்தத் தண்ணீர் விடுவது என்று அவள் சொல்ல, அவன் எழுந்து ஜக்கைக் கழுவி எடுத்து வந்தான். "எல்லாம் என்னாலதான்" என்றான். "இனிமே அண்ணன் ஊர்ப் பேச்சை எடுக்க மாட்டேன். மீனையே கொன்னவன், எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

முதல் அரை லிட்டரை ஊற்றினான். மோட்டாரைக் குனிந்து பார்த்தான். "ஆனா ஒண்ணு புரியலை. இது எப்படி திடீர்னு நின்னுச்சு? நான் உண்மையிலேயே கை வைக்கலை."

"பழைய மோட்டார், அதுவா நின்னுடுச்சு" என்று சொன்னால் போதும். அவன் நம்புவான். இனி எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை. ஆயுசுக்கும் அவன் தலை குனிந்தே இருப்பான். அவள் பெருந்தன்மையாக மன்னித்தவளாக இருக்கலாம். பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பயந்துபோய் ஒன்றை மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பதினொரு நாள் என்று எண்ணிக்கொண்டு இந்த வீட்டில் ஒருவன் இருந்திருக்கிறான் என்பதும் நெஞ்சில் குத்தியது.

"நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்" என்றாள்.

"ஏன்?"

"நீங்க எதையாவது ஊத்துறீங்களான்னு பார்க்க." சுவர்ப் பக்கம் கூட்டிப் போய்க் கோட்டைக் காட்டினாள். "தினமும் வந்து இதைப் பார்த்தேன்."

அவன் அந்தக் கோட்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். விரலால் தொட்டுக்கூடப் பார்த்தான்.

"மாட்டினேனா?" என்றான்.

"என்னங்க..."

"வியாழக்கிழமை நெருப்பு மீன் செத்துச்சு. அன்னிக்கும் இந்தக் கோட்டைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அன்னிக்குக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. பயந்துட்டே வாசல்ல நின்னேனே, தெரியலையா உனக்கு?"

தெரிந்தது. நடிப்பு என்று நினைத்தாள்.

அவன் கோபித்துக்கொண்டு வெளியே போகவில்லை. அரை மணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, அளந்து, சிந்தாமல் ஊற்றினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கடி உப்புக் குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். நாற்பத்து இரண்டரை. கோமாளிகள் மூலையை விட்டு வெளியே வந்தன. நாலே முக்காலுக்கு மாண்டரின் மூச்சை நிறுத்திக்கொண்டது. அவள் சின்ன வலையால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். நிறம் கொஞ்சமும் போகவில்லை.

"மன்னிச்சிடுங்க" என்றாள். மீனிடம் சொன்னாளா அவனிடம் சொன்னாளா என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "உங்ககிட்டதான் சொல்றேன்" என்றாள்.

அவன் தலையாட்டினான். ஜக்கைத் துடைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். பிளக்கை எடுத்துச் செருகினான். கீழே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றான்.

"அண்ணே, நான்தான். கடையில அந்த வேலை இன்னும் காலியாத்தானே இருக்கு? ... வர்றேன். திங்கக்கிழமை காலையிலே வந்துடறேன். ... மீனா? ஆமா, அந்தப் பிரச்சினை தீர்ந்துடுச்சு."

மறுமுனையில் அண்ணன் நீளமாக ஏதோ சொன்னார். மாடியைச் சுத்தம் செய்யச் சொல்கிறேன், அண்ணியிடம் சொல்லிவிடுகிறேன் என்பது மாதிரி. அவன் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டான்.

"இல்லண்ணே" என்றான். "மாடியெல்லாம் வேணாம். கடையிலேயே ஒரு ஓரமாப் படுத்துக்கறேன். அவ வரலை. நான் மட்டும்தான்."